என்னிடமிருந்து வந்த பிரதி

பிப்ரவரி 6, 2025 – வியாழன்

ஜெனரல் ஷிப்ட். மூன்றாம் நம்பர் மோல்டிங் மெஷினில் பிளாஸ்டிக் பக்கெட் மூடியின் ஓரம் சரியாக விழவில்லை. மதியம் வரை அதோடு மல்லாடினேன். திருவாண்டார்கோயில் ஸ்டாப்பில் பஸ் நிற்காமல் போய்விட்டது. வில்லியனூர் வந்து சேர ஏழு.

மகள் ஜோவிட்டா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் உதறிச் சிரித்தாள். கம்பியை விட்டதால் பொத்தென்று உட்கார்ந்தாள். விழுந்த பிறகும் சிரிப்புதான். வருகிற மாதம் ஐந்து வயது முடிகிறது. இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. ‘ம்மா’ கூட இல்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு 13ஆம் தேதி கிடைக்குமாம். என் மனைவி ராணி நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். நான் மறந்தவன் மாதிரி இருக்கிறேன்.

பிப்ரவரி 13 – வியாழன்

லீவு போட்டு மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வியாதிக்கு ஏஞ்சல்மன் என்று பேர். அதைச் சொல்லிவிட்டு டாக்டரம்மா மேஜையில் தாள் தேடினார். பிறகு ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் இரண்டு கோடு போட்டார்.

“ஒவ்வொரு மரபணுவும் நம்மகிட்ட ரெண்டு பிரதி இருக்கும். அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு. உங்க குழந்தைக்குப் பதினஞ்சாவது குரோமோசோம்ல, அம்மா கொடுத்ததுல ஒரு சின்னத் துண்டு இல்ல.”

“அப்போ என்னுது?” என்று கேட்டேன்.

“உங்களது முழுசா இருக்கு. ஒரு எழுத்துகூடத் தப்பில்ல.”

எனக்கு விளங்கவில்லை. ஒன்று இருந்தால் போதாதா? ஒரு கண் இருந்தாலே பார்க்கலாமே.

அவர் பொறுமையாகச் சொன்னார். உடம்பில் எல்லாச் செல்லிலும் எல்லா மரபணுவும் இருக்கிறதாம். ஆனால் எல்லா இடத்திலும் எல்லாம் வேலை செய்வதில்லை. எங்கே எதைப் படிக்க வேண்டும், எதை மூடி வைக்க வேண்டும் என்று உடம்பு முடிவு செய்கிறது. காணாமல் போன துண்டில் ஒரு மரபணு இருக்கிறது. மூளைச் செல்லில் மட்டும் அதை அம்மா பிரதியிலிருந்துதான் படிக்கும். அப்பா பிரதியை அங்கே அமுக்கி வைத்திருக்கும். “எல்லாருக்கும் அப்படித்தான். எனக்கும், உங்களுக்கும். நமக்கெல்லாம் அம்மா பிரதி இருக்கறதால தெரியறதில்ல.”

ஜோவிட்டாவின் தோலில், ரத்தத்தில் எல்லாம் என்னுடையது வேலை செய்கிறதாம். மூளையில்தான் இல்லை.

“அதை எழுப்ப முடியாதாம்மா?”

“வெளிநாட்டுல முயற்சி பண்றாங்க. சோதனையிலதான் இருக்கு.”

அவள் பிறந்தபோது ‘பிரெஞ்சுக்காரி பொறந்துட்டா’ என்று சொந்தக்காரர்கள் கொஞ்சினார்கள். அந்த வெளுப்பும் செம்பட்டை முடியும்கூட அந்தத் துண்டு இல்லாததால்தானாம். நாங்கள் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினோமே.

ராணிக்குக் குறை இருக்காது, கருமுட்டை உண்டாகும்போது தானாக விட்டுப்போயிருக்கும், யார் மேலும் தப்பில்லை என்று டாக்டரம்மா இரண்டு முறை சொன்னார். உறுதிசெய்ய ராணியிடமும் ரத்தம் எடுத்தார்கள்.

பஸ்ஸில் ராணி ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். “நான் குடுத்ததுதானே இல்ல.”

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். ‘உங்களது முழுசா இருக்கு’ என்று அவர் சொன்னபோது எனக்கு உள்ளே ஒரு நிம்மதி வந்தது. மகளுக்கு வாழ்நாள் முழுக்கப் பேச்சு வராது என்று கேட்ட அதே நாற்காலியில். என்ன ஆள் நான்?

பிப்ரவரி 14

காலையில் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். “இன்னாடா சொன்னாங்க?”

“ஒரு துண்டு இல்லியாம்பா. அம்மா வழில வர்றது.”

“நெனச்சேன்.”

மீதியைச் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் எழுந்து குளிக்கப் போய்விட்டார். பத்து மணிக்கு முதலியார்பேட்டையிலிருந்து தம்பி ஆண்டனி போன். “அண்ணி வழியாமே?”

மார்ச் 5 – சாம்பல் புதன்

ராணியின் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது. அவளிடம் எந்தக் குறையும் இல்லை. இன்னொரு பிள்ளை பெற்றாலும் பயம் அநேகமாக இல்லை என்று டாக்டரம்மா போனில் சொன்னார்.

ராணி அதை இரண்டு தடவை படித்தாள். மடித்து என் கையில் கொடுத்தாள். “உங்கப்பாகிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா என்னைக் காப்பாத்திக்கச் சொல்றேன்னு நெனப்பாரு.”

சரி என்றேன்.

மார்ச் 6

சொல்லவில்லை. அப்பாவுக்கு முட்டிவலி.

மார்ச் 16 – ஞாயிறு

ஜோவிட்டா பிடிக்காமல் நான்கு அடி நடந்தாள். சத்தியமாக நான்கு. ராணி அழுதாள். அப்பாகூடக் கை தட்டினார். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். நல்ல நாளைக் கெடுக்க வேண்டாம் என்று விட்டேன். நல்ல நாளில் சொல்லாவிட்டால் எப்போது சொல்வது?

ஏப்ரல் 8

ஜோவிட்டாவைச் சோதனையில் சேர்க்க முடியுமா என்று டாக்டரம்மா எனக்காக வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டிருந்தார். என் பிரதியை அமுக்கி வைப்பது வெளியிலிருந்து வருகிற எதுவோ இல்லையாம். அதே பிரதியிலிருந்தே எதிர்த்திசையில் ஒரு நீளமான இழை உண்டாகி, அதைப் படிக்க விடாமல் செய்கிறது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு அந்த இழையை வெட்டிப் பார்க்கிறார்களாம். வெட்டினால் அப்பா பிரதி விழிக்கும். ஒரு மாதமாகக் கம்பெனியில் மெஷின் முன்னால் நின்றபடி இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மகளின் தலைக்குள் நான் கொடுத்தது பழுதில்லாமல் இருக்கிறது, ஒரே ஒரு ஊசி தூரத்தில்.

இன்று பதில் வந்தது. நாலு வரி. இந்தியாவில் மையம் இல்லை. வேறு நாட்டிலிருந்து வருபவர்களை இப்போது சேர்ப்பதில்லை. அக்கறைக்கு நன்றி.

ஏப்ரல் 20 – ஈஸ்டர்

ஆண்டனியும் அவன் மனைவியும் கைக்குழந்தையோடு வந்தார்கள். மே 4 ஞானஸ்நானம். ராணிதான் ஞானத்தாயாக நிற்க வேண்டுமாம். ரொம்ப நாள் கழித்து அவள் முகத்தில் வெளிச்சம். சாயங்காலமே வெள்ளைத் துணி எடுக்கப் போய்விட்டாள்.

மே 4 – ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

கோயில் வாசலில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். ராணி கையில் குழந்தைக்கான வெள்ளை கவுன், அவளே லேஸ் வைத்துத் தைத்தது. அப்பா ஆண்டனியை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்த ஆண்டனி என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அண்ணா, அப்பா வேணாங்கறாரு. அண்ணிக்கு அப்படி இருக்கறப்ப, மொதப் புள்ளைய அவங்க கையில குடுக்க வேணாமாம். ஃபாதர் வெயிட் பண்றாரு. நீயே சொல்லிடேன்.”

நான் போய்ச் சொன்னேன். நானேதான் போய்ச் சொன்னேன். “ராணி, ஆண்டனியோட மச்சினி நிக்கட்டும்ங்கறாங்க.”

அவள் என்னைப் பார்த்தாள். “உங்கப்பாகிட்ட சொன்னீங்களா இல்லியா?”

“கோயில்ல வெச்சு இன்னாத்துக்கு ராணி. வூட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்.”

“சொல்லவே இல்ல.” கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

கவுனை அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். ஜோவிட்டாவைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். குழந்தை தலையில் தண்ணீர் ஊற்றியபோது ஜோவிட்டா வீறிட்டுச் சிரித்தாள். தண்ணீரைக் கண்டால் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் முன்வரிசையில் நின்றிருந்தேன். நான் திரும்பவில்லை.

ரிப்போர்ட் இன்னும் என் கம்பெனிப் பையில்தான் கிடக்கிறது. டிபன் பாக்ஸ் எண்ணெய் பட்டு ஓரம் கறுத்திருக்கிறது. ஏன்டா சொல்லல? முட்டிவலியா காரணம்? அவ வழி இல்லன்னா, அடுத்து ‘அப்போ நம்ம வழியா’ன்னு கேட்பாரு. அதுக்குத்தான் பயந்தேன். அவ தலையில கெடக்கட்டும்னு வுட்டேன். அவ்ளோதான்.

மே 5

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தேன். ராணி மடுகரைக்குப் போயிருந்தாள், அவள் அம்மா வீட்டுக்கு. ஜோவிட்டாவின் மாத்திரை, ஸ்பூன், தண்ணீரில் விளையாடும் நீல டப் – எதுவும் இல்லை. சண்டை போட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. எனக்கு ரசம் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

மே 19

போன் எடுக்கவில்லை.

ஜூன் 22 – ஞாயிறு

மடுகரையிலிருந்து ராணியின் தம்பி விஜயராஜ் கூப்பிட்டான். காய்ச்சலில் ஜோவிட்டாவுக்கு வலிப்பு வந்து நிற்கவில்லை. ஆட்டோவில் பாகூர் வரைக்கும், அங்கிருந்து ஆம்புலன்ஸ். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளை ஐசியூவில் வைத்திருந்தார்கள். ராணி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் நகரவில்லை.

ஜூன் 23

வலிப்பு நின்றிருக்கிறது. கண் திறக்கவில்லை.

ஜூன் 27

கண் திறந்தாள். சிரிக்கவில்லை. ஐந்து வருடத்தில் அவள் சிரிக்காத முகத்தை நான் பார்த்ததே இல்லை. யாரோ மாதிரி இருக்கிறாள்.

ஜூலை 9

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மடுகரைக்கு. இரண்டு நாளாகக் கொஞ்சம் சிரிக்கிறாள். நிற்க வைத்தால் கால் மடங்கிவிடுகிறது. நடை திரும்புமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று இந்த ஐந்து வருடத்தில் கற்றுக்கொண்டேன்.

ஆட்டோ கிளம்பும்போது, “நானும் வரட்டுமா?” என்று ராணியிடம் கேட்டேன்.

“எதுக்கு?” என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 3 – ஞாயிறு

இன்று சொன்னேன்.

பூசை முடிந்து வந்து அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ரிப்போர்ட்டை அவர் எதிரே வைத்தேன். டாக்டரம்மா போட்ட அதே இரண்டு கோட்டை நானும் ஒரு தாளில் போட்டேன். ராணியின் உடம்பில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஜோவிட்டா உருவான அந்த ஒரு முட்டையில்தான் துண்டு விட்டுப்போனது, என்னுடையது இருந்தும் மூளையில் அதைப் படிக்காது, அது எல்லா மனிதருக்கும் உள்ளதுதான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மில்லில் முப்பது வருடம் மெஷின் பார்த்தவர். குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அப்போ யாரு மேலதான்டா தப்பு?”

“யாரு மேலயும் இல்லப்பா.”

“யாரு மேலயும் இல்லாம ஒரு புள்ள எப்படிடா இப்படி ஆவும்?”

எனக்கும் அதே கேள்விதான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தார். இங்கிலீஷ் அவருக்கு வராது. தேதியை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார். “மார்ச்சுனு போட்டுருக்கு.”

“ஆமாம்பா.”

“மார்ச்சுலயே ஒனக்குத் தெரியுமா?”

தலையாட்டினேன்.

“தெரிஞ்சிருந்தா அன்னிக்கு நான் இன்னாத்துக்குடா வேணாம்னு சொல்லப்போறேன்? அந்தப் பொண்ணு தச்ச துணிய வாங்கி இன்னொருத்தி கையில குடுக்க வெச்சேனே.” அம்மா சாவுக்குப் பிறகு அவர் அழுது இன்றுதான் பார்க்கிறேன். “நான் தெரியாம பண்ணேன். நீ?”

ஆகஸ்ட் 10

அப்பா தனியாக மடுகரைக்குப் போய் வந்திருக்கிறார். முட்டிவலியோடு இரண்டு பஸ் மாறி. ராணியிடம் மன்னிப்புக் கேட்டாராம். டீ போட்டுக் கொடுத்தாளாம். “அந்தப் பொண்ணுக்கு வருத்தம் என் மேல இல்லடா” என்றார்.

செப்டம்பர் 21

அப்பாவும் நானும் இரண்டு பேர் மட்டும் வீட்டில் இருக்கிறோம். டிவி ஓடுகிறது. சமைக்க நான் கற்றுக்கொண்டுவிட்டேன்.

அக்டோபர் 14

டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். சோதனை அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறதாம். மருந்து வந்தாலும் நம் ஊருக்கு வர எத்தனை வருடமோ. சின்ன வயதில் கொடுத்தால்தான் பலன் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறார்களாம். “நம்பிக்கை குடுக்க எனக்கும் ஆசைதான் பிரிட்டோ” என்றார்.

நவம்பர் 16 – ஞாயிறு

மழை விட்டிருந்தது. மடுகரைக்குப் போனேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு வரலாம் என்று ராணி சொல்லியிருக்கிறாள்.

“வாங்க” என்றாள். விஜயராஜ் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

ராணி பக்கத்திலிருக்கும் சிறப்புப் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறாள். ஜோவிட்டாவையும் கூடவே கூட்டிக்கொண்டு போகிறாள். நடை வரவில்லை, சக்கர நாற்காலிதான். அங்கே ஒரு அட்டைப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். பேச வராத பிள்ளைகள் படத்தைத் தொட்டுக் காட்டுவார்களாம். தண்ணி, சோறு, வலி, போதும். கடைசிப் பக்கத்தில் ஆட்களின் போட்டோ. அம்மா, மாமா, டீச்சர், எதிர்வீட்டு நாய். ‘தண்ணி’யைச் சில சமயம் சரியாகத் தொடுகிறாளாம்.

அந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்ததை ராணி கவனித்திருக்க வேண்டும்.

“ஒரு போட்டோ இருந்தா குடுத்துட்டுப் போங்க.”

பர்ஸில் பாஸ்போர்ட் சைஸ் ஒன்று இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். ராணி அதை ஜோவிட்டாவிடம் காட்டி, “அப்பா” என்றாள். ஜோவிட்டா போட்டோவைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் தெருவில் போன பால்காரரைப் பார்த்தும் அதே மாதிரி சிரித்தாள்.

“நாளைக்கு டீச்சர்கிட்ட குடுத்து ஒட்டச் சொல்றேன்” என்று ராணி போட்டோவை முந்தானையில் முடிந்துகொண்டாள். நாலு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றும் அவளே சொன்னாள்.