அம்மன் புடவையை ஏலம் எடுத்த வருஷம்

12-6-1974, புதன்

செங்கல்பட்டுக்குப் போய் பேங்கில் மாசப் பணம் எடுத்து வந்தேன். மாசா மாசம் அதே தொகை. கவுண்டரில் இருக்கிற பிள்ளை, "கூட வேணாமா சார்?" என்று கேட்கிறான். வேணும்தான் தம்பி. ஆனால் வெள்ளைக்காரன் சிங்கப்பூரில் நேவல் பேஸை மூடி எங்களுக்குக் கணக்குத் தீர்த்தபோது எனக்கு வயசு நாற்பத்தொன்பது. அங்கே பிடித்து வைத்திருக்கிற பிராவிடண்ட் பண்டு ஐம்பத்தைந்து ஆனால்தான் கைக்கு வரும். நடுவில் இருக்கிற ஆறு வருஷத்துக்கும் கையில் கொடுத்த பணத்தை ரப்பர் மாதிரி இழுக்கணும். பாதி இழுத்தாச்சு. ரப்பர் அங்கங்கே வெளுத்துத் தெரிகிறது. அரிசியும் கிருஷ்ணாயிலும் இப்படி ஏறும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

வேலை நிலைக்க வேணுமே என்று அந்தக் காலத்தில் அங்கேயே பிரஜையாகப் பதிந்துகொண்டேன். ஆகவே கடுதாசிப்படி நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன். அதாவது என் பெண்டாட்டி வீட்டில். இதை வச்சலாவிடம் சொன்னேன். "அப்ப வாடகை குடுய்யா" என்றாள்.

திரும்பி வரும்போது, என்னோடு அங்கே வேலை செய்த சிங்காரம் ஸ்கூட்டரில் எங்கள் பஸ்ஸைத் தாண்டிப் போனான். கறுப்புக் கண்ணாடி வேறே.

15-6-1974

சிங்காரம் டேபிள் ஃபேன் வாங்கியிருக்கிறானாம். கடலுக்கு எதிரே குடியிருக்கிறவனுக்கு ஃபேன் எதுக்கு? கேட்டேன். என்னையேதான் கேட்டுக்கொண்டேன்.

23-6-1974, ஞாயிறு

எழுதி வைத்தாலாவது வயிறு ஆறுகிறதா பார்ப்போம். நானும் சிங்காரமும் ஒரே கப்பலில் போனோம். ஒரே ஸ்டோரில் வேலை. ஒரே ரூமில் படுக்கை. ஒரே நாளில்தான் சீட்டுக் கிழிந்தது, தொகையும் ஒன்றுதான். நான் பேங்கில் போட்டேன். அவன் மாடி வீடு கட்டினான். இன்றைக்கு எங்கள் குப்பத்தில் அவன் பெயர் 'சிங்கப்பூரார்'. என் பெயர் தணிகை. தணிகைவேலில் இருக்கிற 'வேல்' கூடச் சேர்ப்பதில்லை.

டீக்கடைத் தாவீது இன்று எல்லார் முன்னாலும் சொல்கிறான்: "அண்ணாத்த, நீங்களும் சிங்கப்பூர்லியா இருந்தீங்க? நான் ரங்கோன்னு நெனைச்சுகினு கீறேன்!" கடையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிப்புக்குக் காசு இல்லை.

சிக்கனத்தில் எனக்கு யாரும் பக்கத்தில் வர முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் க்ஷவரம். பேப்பர் தாவீது கடையில், அதுவும் நாலு பேர் படித்து முடித்த பிறகு. காலையில் கரையில் வலை இழுக்கிறவர்களோடு கயிற்றைப் பிடித்தால் குழம்புக்கு மீன் கொடுப்பார்கள். போய்ப் பிடிக்கிறேன். "உடம்புக்கு எக்ஸர்சைஸ்பா" என்று சொல்லிவிட்டுத்தான் பிடிக்கிறேன். எக்ஸர்சைஸ் முடிந்ததும் கூடையை நீட்டுகிறேன்.

7-7-1974

மகள் சம்பூர்ணமும் நானும் சாயங்காலம் கடலோரம் நடந்தோம். பதினேழு வயசு ஆகிறது. நான் வந்த புதிதில் என்னைப் பார்த்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கும். அம்மாவிடம் பேசும்போது 'அவரு' என்று சொல்லும். 'நைனா' என்று வாய் நிறைய வருவதற்கு ஒரு வருஷம் ஆச்சு. இன்றைக்கு, "நைனா, உனக்கு நடக்கவே தெரியல, வாத்து மாரி போற" என்றது. இதைக் கேட்கத்தான் வந்தேன் என்று தோன்றியது.

வச்சலா ராத்திரிச் சோறு போடும்போது கேட்டாள்: "துட்டு நடுவுல தீந்து பூட்டா?"

"தீந்தா திரும்பக் கப்பல்தான்."

குழம்பை ஊற்றினாள். பிறகு சொன்னாள்: "இருவத்தி மூணு வருசம் நீ தபால்காரன் கொண்டாந்து குடுத்த புருசன்யா. இப்பத்தான் வூட்ல கீற புருசன்."

ஐம்பத்தைந்து வரைக்கும் பணம் தாங்கணும். வேறே ஒன்றும் எனக்கு வேண்டாம்.

28-7-1974, ஆடி ஞாயிறு

பொய். வேறேயும் வேணும்.

அடுத்த ஞாயிறு கங்கையம்மனுக்குக் கூழ் வார்க்கிறார்கள். நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். 'மைக் செட் உபயம்: சிங்கப்பூரார்.' நான் கூழுக்குக் கேழ்வரகு மாவு கொடுத்தேன். மாவுக்கு நோட்டீஸில் இடம் இல்லை.

போன வருஷம் அம்மன் புடவையை ஏலத்தில் எடுத்ததும் அவன்தான். அவன் பெண்டாட்டி தனக்கோடி அதைக் கட்டிக்கொண்டு தண்ணீர் எடுக்கக்கூட வந்தாள். வச்சலா ஒரே ஒரு தடவை பார்த்தாள். "ஜரிகை நல்லா கீது" என்றாள். அவ்வளவுதான். அவள் மறந்திருப்பாள். எனக்குத்தான் வருஷம் முழுக்கத் தொண்டையில் நிற்கிறது, மீன்முள் மாதிரி.

5-8-1974, திங்கள்

பண்ணிட்டேன். இன்னாத்துக்குப் பண்ணேன்? தெரியல.

நேற்றுக் கூழ் வார்த்து முடிந்ததும், அம்மனுக்குச் சாத்தியிருந்த புடவையைத் தட்டில் வைத்து ஏலம் போட்டார்கள். எங்கள் ஊர் வழக்கம் என்னவென்றால், எடுத்தவர் அப்போதே புடவையை வீட்டுக்குக் கொண்டு போகலாம். பணத்தை அடுத்த ஆடிக்குள் கட்டினால் போதும். அந்த ஒரு வருஷத் தவணைதான் மனுஷனைக் கொல்லுகிறது. பையில் இருக்க வேண்டியதில்லை, வாயில் இருந்தால் போதும்.

கோயில் பஞ்சாயத்துக்காரர் தாண்டவராயன் மைக்கைப் பிடித்தார். "அம்மன் பொடவ, அம்பத்தி ஒண்ணு!"

சிங்காரம் திரும்பிக்கூடப் பார்க்காமல், மீசையைத் தடவிக்கொண்டு, "நூத்தி ஒண்ணு" என்றான்.

"சிங்கப்பூராருக்கு எதுர்ல எவன்பா பேசுவான்? எழுதிக்கோ" என்று யாரோ சொன்னார்கள். தாண்டவராயன், "ஒரு தரம்..." என்றார்.

"நூத்தி அம்பத்தி ஒண்ணு!"

எவன்டா அது, தைரியமான ஆள், என்று நான் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

அதற்குப் பிறகு எனக்குச் சரியாக நினைவில்லை. அவன் ஏற, நான் ஏற. தாவீது பக்கத்தில் வந்து, "அண்ணாத்த, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கையைத் தொட்டுப் பார்த்தான். சிங்காரம் அறுநூற்றி ஒன்று என்றபோது அவன் முகத்தில் வேர்வை. அதைப் பார்த்தேன் பாரு, என்ன ருசி! எழுநூற்றி ஒன்று என்றேன். மூணு தரம் சொன்னார்கள். மேளம் அடித்தார்கள். "சிங்கப்பூர் தணிகைவேல்!" என்று மைக்கில் முழங்கினார் தாண்டவராயன். சிங்காரம் உபயம் பண்ணின மைக்.

தட்டோடு கொண்டு போய் வச்சலாவிடம் நீட்டினேன். கை நீட்டவில்லை.

"இன்னாய்யா பண்ண? அது அஞ்சு மாச சோறுய்யா."

சம்பூர்ணம்தான் தட்டை வாங்கி உள்ளே வைத்தது.

6-8-1974

இன்றைக்கு டீக்கடையில் எனக்கும் 'சிங்கப்பூரார்' என்று பெயர். தாவீது சர்க்கரை தூக்கலாகப் போட்டான். வெட்கமாக இருந்தது. இன்னொரு டீ சொன்னேன்.

10-8-1974, சனி

விரல் விட்டு எண்ணிப் பார்த்தாச்சு. எழுநூற்றி ஒன்றைக் கொடுத்தால், இந்த விலைவாசியில், பண்டு வருவதற்கு எட்டு ஒன்பது மாசம் முன்னாடியே பேங்கில் ஒன்றும் இருக்காது. கடன் கொடுக்க ஆள் இல்லை. கப்பல்தான். புடவையைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று வச்சலா போய்க் கேட்டாளாம். "ஆத்தா உடம்புல கெடந்தத ஆத்தாவுக்கே திருப்பித் தரதா? நல்லா கீதே" என்று தாண்டவராயன் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். கட்டாதவன் பெயரை அடுத்த ஆடியில் மைக்கில் படிப்பார்கள். அந்தப் புகழும் வேண்டாம்.

வச்சலா புடவையைப் பெட்டியில் வைத்துவிட்டாள். கடன் தீராமல் தொட மாட்டாளாம்.

18-8-1974

கரையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். சிங்காரம் நடந்து வந்தான். ஸ்கூட்டர் இல்லை.

"மச்சான், உனக்குக் கும்புடு போடணும்டா."

குத்திக் காட்டுகிறான் என்று நினைத்தேன். இல்லை. அவன் கையில் அறுநூறு என்ன, அறுபதுகூட இல்லையாம். வீடு, ஸ்கூட்டர், உறவுக்காரனுக்கு, ஊருக்கு... எல்லாம் போச்சு.

"பின்ன எதுக்குடா ஏத்திகினே போன?"

"நீ கேக்கறியே, அதான். ஒரே துட்டு வாங்கினு வந்தோம். உன்து பேங்குல சொகமா தூங்கினு கீது. சாயங்காலமானா பொண்ணோட சிரிச்சுகினு நடந்து போற. எம்புள்ளைங்க என்னாண்ட துட்டு கேக்க மட்டும்தான் வருது. பாக்கப் பாக்க வயிறு எரியும்டா எனக்கு."

இத்தனை நாளாக நான் அவனைப் பார்த்து எரிய, அவன் என்னைப் பார்த்து எரிய, நடுவில் அம்மன் புடவை வெந்து போச்சு.

அவன் திரும்ப சிங்கப்பூர் போகிறான். பழைய மேஸ்திரி ஒருவர் காண்ட்ராக்ட் எடுத்திருக்கிறாராம், கூப்பிட்டிருக்கிறார். "நீயும் வாடா, உனக்கும் கேக்கறேன்" என்றான்.

அவனிடம் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்கணும். வரவில்லை. ஐம்பத்திரண்டு வயசில் அவனை ஒருவர் பெயர் சொல்லி வேலைக்குக் கூப்பிடுகிறார். என்னை ஒருத்தரும் கூப்பிடவில்லையே! அதுவும் எரிகிறது. நீ மனுஷனாடா தணிகை?

1-9-1974

வச்சலாவிடம், "நானும் போறேன். புடவைக் கடன் தீரணுமில்ல" என்றேன்.

மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "போறதுன்னா போ. புடவைக்காவப் போறேன்னு மட்டும் சொல்லாத. சிங்காரம் போறாரு, அதான் போறேன்னு சொல்லு."

அடித்திருந்தால்கூட இப்படி வலிக்காது.

கொஞ்ச நேரம் கழித்து, "துட்டு நான் சம்பாரிக்கிறேன். நீ வூட்ல கெட" என்றாள்.

3-9-1974

விடிவதற்கு முன்னே கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். அவள் அம்மா செய்த வியாபாரம். இவளும் செய்துகொண்டிருந்து, நான் பணம் அனுப்ப ஆரம்பித்ததும் நிறுத்தியிருந்தாள்.

22-9-1974, ஞாயிறு

சோறு நான்தான் ஆக்குகிறேன். குழையவிடுகிறேன். சம்பூர்ணம், "நைனா, இது சோறா, கூழா? ஆடி முடிஞ்சு பூட்ச்சே" என்கிறது.

வச்சலா மத்தியானம் வரும்போது முகமே வேறாக இருக்கிறது. மார்க்கெட்டில் யார் யாரோடு சண்டை பிடித்தாள், வாத்தியார் வீட்டம்மா எப்படி அழுகின மீன் என்று சொல்லி விலை குறைக்கப் பார்த்தாள், கண்டக்டர் எப்படி இவள் கூடைக்கு இடம் பிடித்து வைக்கிறான், எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அம்மாவும் பெண்ணும் சிரிக்கிறார்கள். நான் அடுப்பை ஊதுகிறேன். யாருப்பா அந்தக் கண்டக்டர்?

முன்னே மாடி வீட்டுக்காரனைப் பார்த்து எரிந்தேன். இப்போது சொந்தப் பெண்டாட்டி. முன்னேற்றம்தான்.

26-10-1974, சனி

சிங்காரம் போனான். ஸ்கூட்டரை விற்றுத்தான் டிக்கெட். பஸ் ஸ்டாண்டில் மாலை போட்டார்கள். தனக்கோடி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்திலும் மாலையைப் பார்த்து, ரோஜா கலந்து கட்டியிருக்கிறார்களே என்று தோன்றுகிறது எனக்கு.

பஸ் கிளம்பும்போது கையை விடவில்லை அவன். "பொண்ணு கைய உட்றாத மச்சான்" என்றான்.

நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

30-11-1974

வச்சலாவுக்குக் கையில் கெளுத்தி முள் ஏறி வீங்கிவிட்டது. வாங்கின மீன் கூடையில் கிடக்கிறது. யார் கொண்டு போவது? ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அதில்தான் கோபம் வந்தது. தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மார்க்கெட்டில் பக்கத்து இடத்தில் எல்லம்மாள் என்று ஒரு அம்மாள். என்னைப் பார்த்துவிட்டு, "ஆம்பள மீன் விக்க வந்துகீதுடீ" என்று வரிசைக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். செதில் சீவத் தெரியாமல் சங்கரா மீனைச் சின்னாபின்னமாக்கினேன். "இன்னாபா, மீனுக்கு க்ஷவரம் பண்றியா?" என்றாள் எல்லம்மாள். ஸ்டோரில் இருபது வருஷம் ஆணி, போல்ட்டு எண்ணிக் கொடுத்த கை. போல்ட்டுக்குச் செதில் கிடையாது.

நஷ்டம்தான். ஆனால் கூடை காலி. வீட்டுக்கு வந்ததும் சம்பூர்ணம் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தது. "நெசமாவே வித்துட்டியா நைனா?"

நாளைக்கும் நானே போகிறேன்.

2-1-1975

இந்த மாசம் பேங்குக்குப் போகவில்லை. போக வேண்டியிருக்கவில்லை. தாண்டவராயனிடம் முன்னூறு கட்டியாச்சு.

19-1-1975, ஞாயிறு

வச்சலா கை குணமாகி ஒரு மாசத்துக்கு மேலாகிறது. ரெண்டு பேருமாகத்தான் போகிறோம். அவள் விலை பேசுகிறாள், நான் ஆய்ந்து கொடுக்கிறேன். கண்டக்டரைப் பார்த்துவிட்டேன். அறுபது வயசுக் கிழவன்.

பொங்கல் முடிந்த ஞாயிறு, எல்லார் வீட்டிலும் மீன். கூட்டம் தாங்கவில்லை. ஆனால் பாதிப் பேர் எங்களைத் தாண்டி எல்லம்மாளிடம்தான் போகிறார்கள். அதே கரை மீன்தான், அதே விலைதான். ஐஸ் கூட எங்களுடையதுதான் நல்ல ஐஸ். அவள் வாழையிலையைக் கழுவி விரித்து, வஞ்சிரத்தைக் குறுக்கே வைத்து, மேலே அடிக்கடி தண்ணீர் தெளிக்கிறாள். மீன் உயிரோடு இருக்கிற மாதிரி மினுக்குகிறது. காலையிலிருந்து அதையே பார்த்து வயிறு எரிந்து, கை நழுவி விரலைச் சீவிக்கொண்டேன்.

"எங்கய்யா பாத்துகினு கீற?" என்றாள் வச்சலா.

நாளைக்கு முதல் பஸ்ஸுக்கே போய் எல்லம்மாள் உட்காருகிற அந்த முனை இடத்தைப் பிடித்துவிடணும். இலைக்குத் தாவீதிடம் சொல்லியாச்சு.