தகரக் கொட்டகையில் வைத்த விதை

என்னங்க,

நாம் விதைத்த மேய்ச்சல் புல் பெரும்பாலும் கருகிவிட்டது. மிச்சத்தைப் புழு தின்கிறது.

நேற்று விதை ஆய்வாளர் வந்தார். இந்தப் புல்லுக்குள் ஒரு பூஞ்சை குடியிருக்குமாம். வறட்சியையும் பூச்சியையும் அதுதான் தாங்க வைக்குமாம். "விதைய சூட்டுல வெச்சிருந்தீங்களாம்மா? உள்ள இருந்த பூஞ்சை செத்துப்போச்சு, விதை மட்டும் முளைச்சிருக்கு" என்றார்.

அறை அடைசலாக இருக்கிறதென்று மூட்டைகளைத் தகரக் கொட்டகைக்கு மாற்றியது நான்தான். நீங்கள் தண்ணீர் பாய்ச்சாமல் தூங்கியதால் கருகியதென்று கத்தியதும் நான்தான். அன்றைக்குத்தானே கோபித்துக்கொண்டு உங்கள் தங்கை வீட்டுக்குப் போனீர்கள்.

இந்தச் சண்டை எனக்கு அலுத்துவிட்டது. மூட்டை வந்த அன்றே நீங்கள் தூவிய வேலியோரப் புல் மட்டும் பச்சையாக நிற்கிறது. அதன் விதையை உருவி உங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இப்போது வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான்.

இப்படிக்கு,
கத்தியவள்