பார்த்துச் செய்யுங்கள் என்று நான் சொன்னது

ஜூன் 3, செவ்வாய்

மழை. துணியெல்லாம் வீட்டுக்குள்ளேதான் தொங்குகிறது. முட்டை பத்து 268 யென். போன மாதத்தைவிட முப்பது கூட.

வீடு வீடாகச் சுற்றும் அறிவிப்புப் பலகை இன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. கோயில் வாசலில் புல் வெட்டும் நாள், காட்டுப்பன்றி வேலிக்கு மானியம், இவற்றுக்கு அடியில் ஒரு தாள்: "உனேதானி தொடக்கப்பள்ளியின் பொருத்தமான அமைவிடம் குறித்த விளக்கக் கூட்டம்." பள்ளிக்கூடம் இத்தனை வருடமாக ஒரே இடத்தில்தான் அமைந்திருக்கிறது. இதற்கு மேல் என்ன பொருத்தம்? தாளை நான்கு தடவை படித்தேன். 'மூடுவது' என்ற சொல் எங்கேயும் இல்லை. அதனாலேயே மூடப்போகிறார்கள் என்று புரிந்தது.

பிள்ளை படிக்கிற வீடு ஏழு, மொத்தம் ஒன்பது பிள்ளைகள். எங்கள் இரோஹா மூன்றாம் வகுப்பு. நடந்தால் பதினோரு நிமிடம். கீழே நகரத்துப் பள்ளிக்கு இருபத்தாறு கிலோமீட்டர், அத்தனையும் மலை வளைவு. காரில் ஏறினால் இவளுக்கு வாந்தி. பல் மருத்துவரிடம் போக வேண்டுமென்றால் முதல் நாளே சாப்பாட்டை நிறுத்திவிடுவாள். அதைத் தினமும் இரண்டு வேளை என்றால் —

படித்தாயிற்று என்பதற்கு அடையாளமாகப் பலகையில் எங்கள் வீட்டு முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம். மடக்கு நாற்காலி நாற்பது, பாதி காலி. கல்வி அலுவலகத்தின் பிரிவுத் தலைவர் ஷிகெமத்சு திரையில் படம் போட்டுப் பேசினார். பள்ளியை மூடிப் பிள்ளைகளைப் பேருந்தில் நகரத்துப் பள்ளிக்கு அனுப்பினால் வருடத்துக்கு மூன்று கோடியே எண்பது லட்சம் யென் மிச்சமாகுமாம். "கேள்வி இருந்தா தயங்காம கேளுங்க" என்றார். எல்லோரும் தயங்கினோம். காலில் மாட்டியிருந்த பள்ளிக்கூடத்துப் பச்சைச் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நான் மூன்று கேள்வி எழுதி எடுத்துப் போயிருந்தேன். மைக் வந்தது. பேருந்தில் வாந்தி எடுக்கிற பிள்ளையை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "உங்க கவலைய மனசார ஏத்துக்கறோம். பிள்ளைங்க சீக்கிரம் பழகிடுவாங்க" என்று சொல்லி, இடுப்பு மடங்கக் குனிந்து வணங்கினார். குனிந்து நிற்கிற மனிதரிடம் அடுத்த கேள்வியை எப்படிக் கேட்பது? நானும் குனிந்தேன். "பாத்துச் செய்யுங்க" என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டேன்.

மற்ற இரண்டு கேள்வியும் பையிலேயே கசங்கிக் கிடக்கின்றன.

ஜூன் 15, ஞாயிறு

களை பிடுங்கினேன். பேச்சுக்கு மனமில்லை.

ஜூலை 2, புதன்

எழுத்து கோணினால் கோணட்டும்.

கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு இன்று பலகையில் வந்தது. கடைசிப் பத்தியை அப்படியே எழுதிவைக்கிறேன்:

"எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கப்படவில்லை. முடிவில் மாணவி ஒருவரின் தாயார், 'பார்த்துச் செய்யுங்கள்' என்று கேட்டுக்கொண்டார். இதன்மூலம் பெற்றோரின் இசைவு கிடைத்ததாகக் கொள்ளப்படுகிறது."

இசைவா! யார் இசைந்தது? நான் எப்பய்யா இசைஞ்சேன்? கேஸ் சிலிண்டர் மாற்ற வருகிறவரிடம் சொல்கிற வார்த்தை அது. புது வருடத்தன்று பக்கத்து வீட்டு வாசலில் சொல்கிற வார்த்தை. என் மாமனாரை எரிக்கக் கொண்டுபோனபோது மயானக்காரரிடம்கூடச் சொன்னேன். அவரை எப்படி எரிக்க வேண்டும் என்று யோசனையா சொன்னேன்? வாயை மூடுவதற்கு முன்னால் வாய் கடைசியாகச் சொல்வது அது, அவ்வளவுதான். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த ஷிகெமத்சுவுக்கு இது தெரியாதா? தெரியும். நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறான்.

இதே பலகை எனக்கு முன்னால் ஐந்து வீட்டுக்குப் போய் வந்திருக்கிறது. ஐந்து முத்திரை. ஒருத்தர்கூட வந்து சொல்லவில்லை.

நான் முத்திரை குத்தவில்லை.

ஜூலை 3, வியாழன்

கூட்டுறவுக் கடையில் மகியேயைப் பார்த்தேன். இரண்டு வீடு தள்ளி இருப்பவள், இரண்டு பிள்ளைகளின் அம்மா, இந்தப் பள்ளத்தாக்கில் நான் மனம்விட்டுச் சிரிப்பது அவளோடு மட்டும்தான். பலகையை எனக்கு முன்னால் பார்த்த ஐவரில் இவளும் ஒருத்தி.

"வாங்க இரோஹாம்மா, பள்ளிக்கூடத்த எவ்வளவுக்கு வித்தீங்க?" என்றாள்.

"சிரிக்காத மகியே. வயிறு எரியுது."

"சிரிக்காம? ஷிகெமத்சு மூணு வருஷமா தேடுன வார்த்தைய, தட்டுல வெச்சு நீட்டிட்டு வந்திருக்கீங்க."

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் வாசலில் பெற்றோர் சங்கத் தலைவர் குவபாரா பிடித்துக்கொண்டார். அவர் கேலி செய்யவில்லை. நன்றி சொன்னார். அதுதான் தாங்கவில்லை. "எங்க வாயில வராதத நீங்க சொன்னீங்க. எங்க கானா நாலாம் வகுப்புல ஒத்த ஆளு. ஓட்டப்பந்தயத்துல அவளே மொதல், அவளே கடைசி. நாலு பிள்ளைங்களோட அவ சண்டை போட்டுப் பாக்கணும்னு எனக்கு ஆசை."

"அத நீங்க கூட்டத்துல எந்திரிச்சு சொல்லியிருக்கலாமே?"

"எப்படிங்க சொல்றது, இந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவன் நான்."

ஆக, அவர் சொல்லாததற்கு என் வாய்.

ஜூலை 7, திங்கள்

அலுவலகத்துக்குப் போனேன். ஷிகெமத்சு பார்லி தேநீர் வரவழைத்தார்.

"அந்த வரிய எடுத்துடுங்க" என்றேன்.

"நீங்க சொன்ன வார்த்தைதானே அம்மா? ஒரு எழுத்துகூட மாத்தலையே."

"வார்த்தை என்னோடது. அர்த்தம் உங்களோடது."

"அப்ப எந்த அர்த்தத்துல சொன்னீங்க?"

"எந்த அர்த்தத்துலயும் சொல்லல!"

பக்கத்து மேசைப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு கணினிக்குப் பின்னால் குனிந்தாள். ஷிகெமத்சு சிரிக்கவில்லை. திருத்தம் வேண்டுமானால் அடுத்த கூட்டத்தில் சபைமுன் சொல்ல வேண்டும், விதி அப்படி என்றார். எழுந்து குனிந்தார். என் இடுப்பு தானாக மடங்கியது. நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது, அந்த வார்த்தைக்காக. கடித்துக்கொண்டேன். ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தேன். நாற்பத்தோரு வயதில் முதல்முறை. படிக்கட்டு இறங்கும்போது மேல்துணி இல்லாமல் தெருவில் நடக்கிற மாதிரி இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் வீட்டிலிருக்கும் அமித புத்தரின் மாடத்துக்கு முன் உட்கார்ந்து அவர் நாமம் சொன்னேன். ஒவ்வொரு நாமத்துக்கு நடுவிலும் ஷிகெமத்சுவின் வழுக்கை வருகிறது. கோபக்காரர்களைத்தான் அமிதர் முதலில் கைதூக்கிவிடுவார் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் இந்த வாரம் வரிசையில் நான்தான் முன்னால் நிற்கிறேன்.

அவர் (என் வீட்டுக்காரர்) மரம் வெட்டப் போகும் அவசரத்தில், "விடேன். இந்த மலையில ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் தெனம் பாக்கணும்" என்றார். நம் பிள்ளை முகத்தை யார் பார்ப்பது என்றேன். வண்டிச் சாவியைத் தேடினார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

விடுமுறை. பேருந்து கிளம்பப்போகும் நேரம் என்று சொன்ன 6.50-க்கே இரோஹாவை ஏற்றிக்கொண்டு கீழே ஓட்டிப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று நிமிடம். நூற்றுப் பன்னிரண்டு வளைவு. வாந்தி இரண்டு தடவை.

"வளைவ எண்ணிக்கிட்டே வந்தா வராதுன்னு மகியே அத்தை சொன்னாங்கம்மா. பதினேழு வரைக்கும் எண்ணினேன்" என்றாள். முகம் தாளைப்போல வெளுத்திருந்தது. "நாளைக்கு இருபது எண்ணிப் பாக்கறேன்."

பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டு சாலையோரம் நின்றபோது வந்த கோபத்தை எழுத எனக்குச் சொல் தெரியவில்லை. பழகிவிடுவாளாம். அந்த ஷிகெமத்சுவைப் பின் இருக்கையில் உட்காரவைத்து ஓட்டிக் காட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நகராட்சி அச்சடித்த வரவுசெலவுப் புத்தகத்தை நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து புரட்டினேன். இன்று கிடைத்தது. பள்ளிப் பேருந்துக்கு மதிப்பிட்ட வாடகை வருடத்துக்கு இரண்டு கோடியே பத்து லட்சம் யென். திரையில் காட்டிய அட்டவணையில் அது இல்லை. இங்கே, போக்குவரத்துப் பிரிவின் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது. வீட்டுச் செலவு எழுதுகிற பெண்பிள்ளை கண்டுபிடிக்க மாட்டாள் என்று நினைத்தார்களா?

செப்டம்பர் 13, சனி

இரண்டாவது கூட்டம். இந்தமுறை நாற்காலி போதவில்லை.

முதலில் எழுந்தது நான். குனியவில்லை. "போன கூட்டத்துல பாத்துச் செய்யுங்கன்னு சொன்னது நான்தான். இப்ப சொல்றேன், எதையும் பாத்துச் செய்ய வேணாம். எழுதிக்குங்க" என்றேன். பின்வரிசையில் யாரோ தும்முவதுபோலச் சிரித்தார்கள். ஷிகெமத்சு எழுதிக்கொண்டார்.

பேருந்து வாடகையைக் கேட்டேன். "அது வேற பிரிவோட கணக்குங்க."

"நான் மீன் வாங்கின காசப் பூனை செலவுன்னு எழுதிட்டு, சமையல்ல மிச்சம் புடிச்சேன்னு சொன்னா எங்க வீட்டுக்காரர் நம்புவாரா?"

"நம்ப மாட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர், அத்தனை பேர் நடுவில், சத்தமாக. அவர் கூட்டத்தில் வாய் திறந்ததை இன்றுதான் பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். சரி, ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

பிறகு குவபாரா எழுந்தார். "மிச்சம் பொய்யாவே இருக்கட்டும். எனக்கு மிச்சம் வேணாம். என் பொண்ணுக்குக் கூட்டாளி வேணும்" என்றார். அவர் உட்கார்ந்ததும் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். உன் பிள்ளைக்கு வாந்தி வந்தா எங்க பிள்ளைங்க தனியா கெடக்கணுமா என்று ஒருத்தர். பள்ளிக்கூடம் போனா அடுத்தது ஊர்தான் போகும் என்று இன்னொருத்தர். நாற்பது வருடச் சத்தம் ஒரே நாளில் வெளியே வந்த மாதிரி. இனி யார் மௌனத்தையும் இசைவு என்று எழுதக் கூடாது, பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஒரு கை தூக்குவோம், அதை எண்ணி எழுதுங்கள் என்று கேட்டது நான். நானேதான்.

மூடலாம்: நான்கு. வேண்டாம்: மூன்று.

நான்காவது கை மகியேயுடையது.

வாசலில் நின்று கேட்டேன். "இத்தன நாள் என்கூடச் சிரிச்சியே?"

"சிரிச்சதும் நெசம், கை தூக்கினதும் நெசம்" என்றாள். கண்ணைத் தாழ்த்தவில்லை. "அந்த வரிய நான் பலகையிலயே பாத்தேன். எனக்கு வேண்டியது உங்க பேர்ல வந்துடுச்சேன்னு பேசாம இருந்தேன். அது தப்பு. இன்னிக்கு என் கையால தூக்கினேன். அதத்தானே நீங்க கேட்டீங்க?"

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் சொன்னது சரி என்பதுதான் அதிகமாக எரிகிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

நாமம் வரவில்லை. மாடத்துக்குச் சோறு மட்டும் வைத்தேன்.

அக்டோபர் 1, புதன்

குறிப்பு வந்தது. நான்கு, மூன்று. என் வார்த்தையும் வார்த்தைக்கு வார்த்தை இருக்கிறது. ஒரு பொய்கூட இல்லை. முத்திரை குத்தினேன், தாள் கிழியும் அளவுக்கு.

டிசம்பர் 18, வியாழன்

பள்ளியை மூடும் தீர்மானம் நகரமன்றத்தில் ஐந்து நிமிடத்தில் நிறைவேறியது. பார்வையாளர் இருக்கையில் நானும் குவபாராவும். அவரும் சந்தோஷமாகத் தெரியவில்லை. பேருந்தில் பிள்ளைகளுக்குத் துணையாக வயதுவந்த ஒருவர் கூடவே வருவார், பிள்ளைக்காக வழியில் நிறுத்தலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். நாங்கள் மூன்று வீட்டார் எட்டு கடிதம் எழுதி வாங்கிய வரி. கூட வரும் ஆளுக்குச் சம்பளம் கிடையாதாம். நான் பெயர் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

கடைசி நாள். உரை ஆறு, அழுகை நிறைய. மூடலாம் என்று கை தூக்கிய நான்கு வீடும் அழுதது. நான் அழவில்லை. அழுதால் அதையும் எதற்காவது இசைவு என்று எழுதிவிடுவார்கள்.

ஏப்ரல் 10, வெள்ளி

மூன்றாம் நாள் பேருந்து. இரோஹா முன் இருக்கையில், நான் பக்கத்தில், மடியில் பைகள். கானாவும் மகியேயின் இரண்டும் பின்னால் பாடிக்கொண்டு வந்தன. முப்பத்தொன்றாம் வளைவில் நிறுத்தச் சொன்னேன். எண்பதில் மறுபடியும். ஓட்டுநர் முகம் சுளிக்கவில்லை, இறங்கி நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளி வாசலில் இளம் ஆசிரியை ஒருத்தி, கையில் வருகைப்பதிவு அட்டை. "பதிமூணு நிமிஷம் லேட்டும்மா. நாளையிலேருந்து கொஞ்சம் சீக்கிரம் கெளம்ப முடியுமா?"

"நாங்க எப்பவும் கெளம்புற நேரத்துக்கு முன்னாடியே கெளம்பிட்டோம்" என்றேன். "தள்ளிப் போனது பள்ளிக்கூடம்தான். தாமதம்னு எழுதணும்னா அதோட பேர்ல எழுதிக்குங்க."

அவள் விழித்தாள். இரோஹா என் கையை விட்டுவிட்டு உள்ளே போனாள். ஆசிரியை எழுதி முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.