கார்க் கண்ணாடிக்குள் அத்தான்

1987 செப்டெம்பர் 20, ஞாயிறு

அக்கா மகள் ஸ்டெல்லாவின் கன்ட்ரி பாட்டுக்கு நான் எடுத்த வீடியோவை இன்று அவளுக்குப் போட்டுக் காட்டினேன். அவளுக்கு மனேஜரும் நான், டைரக்டரும் நான். நயாகராவே இரைச்சலை நிறுத்திவிட்டுப் பார்க்கும் என்று நினைத்திருந்தேன்.

பாதியில் நிறுத்தினாள். "மாமா, பாடுறது நான். என்ரை முகத்தைக் காணேல்லை."

கலியாண வீடியோ எடுத்துப் பழகிய கை. ஒரு முகம் விடுபட்டாலும் ஆயுளுக்கும் பேச்சு விழும். ரொறொன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில் என்ற ஊரின் பண்ணையில் படம் பிடித்த அன்று வேடிக்கை பார்க்க வந்த சனம், அவர்கள் கடித்த ரோல்ஸ், வேலியோரம் நின்ற கார்கள், ஒன்றையும் நான் விடவில்லை.

"நாளைக்கு ரீவிக்காரருக்குக் குடுக்கவேணும். உவையள் எல்லாரையும் வெட்டுங்கோ."

இரண்டு வீடியோ டெக்கையும் ஒன்றோடொன்று பூட்டி வெட்டிக்கொண்டே போனேன். திடீரென்று என் கையைப் பிடித்தாள். ஒரு காருக்குள் அத்தான். இவள் படிப்பை விட்டுக் கிற்றாரைத் தூக்கி, என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மகளோடு பேசாத மனிதர். அன்று அக்காவை இறக்கிவிட்டுப் போய்விட்டார் என்றுதான் நினைத்திருந்தோம். கண்ணாடியை இறக்கி, ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இதையும் வெட்டவோ?"

"விசர்க் கதை கதையாதேங்கோ, மாமா."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு வீட்டுக்குப் போன் எடுத்தாள். எப்போதும் அக்காவைத்தான் கேட்பாள். இன்று, "அம்மா, அப்பாட்டைக் குடுங்கோ" என்றாள்.

வட அமெரிக்காவின் மாபெரும் டைரக்டர் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் ஒளிந்தேன். கேத்தல் கொதித்து ஆறியும் அவர்கள் கதைத்து முடியவில்லை.