பேட்ச் பதினான்கு: மை தாய்

6 செப்டம்பர் 2025, சனி

கேட் பாஸ் கிடைத்துவிட்டது! சரக்கு அடுக்கும் பழைய மர பேலட் எட்டு, வீட்டுக்கு எடுத்துப்போகலாம். பெயின்ட் கம்பெனி லேபில் பதினொரு வருஷம் தரம் சோதித்ததற்கு இதுவாவது உதவட்டும். ஸ்டோர்ஸில் எதற்கு என்று கேட்டார்கள். "கோழிக்கூண்டுக்கு" என்றேன். பொய் சொல்லும்போது என் முகத்தில் தனி பக்தி வந்துவிடும்.

கோழியும் இல்லை, கூண்டும் இல்லை. மொட்டைமாடியில் பார் வைக்கப்போகிறேன். கும்மிடிப்பூண்டியில், எங்கள் வீட்டில், நான்! எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். அக்டோபர் மூன்றாம் தேதி என் புருஷன் ஜோஷ்வா வருகிறான். சொகுசுக் கப்பலில் மது கலந்து கொடுக்கும் பார்டெண்டர். கல்யாணமாகி ஒன்பது வருஷம். நாங்கள் சேர்ந்து இருந்ததைக் கூட்டினால் இரண்டு தேறுமா? இந்த முறை திருவள்ளூரில் ஒரு கேட்டரிங் காலேஜ் அவனை வாத்தியாராகக் கூப்பிடுகிறது. கப்பல் கம்பெனியோ அடுத்த கான்ட்ராக்டுக்கு அக்டோபர் பதினைந்துக்குள் பதில் கேட்கிறது. "இரு" என்று நான் கேட்கப்போவதில்லை. போன தடவை கேட்டேன். சரி என்றான். பதினோராம் நாள் பெட்டியைக் கட்டினான். இங்கே அவனுக்குப் போரடிக்கிறது. அதனால் கப்பலையே மாடிக்குக் கொண்டு வருவதாக முடிவு.

கப்பலில் அவன் நிற்பது டிகி பாரில். கீற்றுக் கூரை, மூங்கில் கவுண்டர், ரம், அன்னாசி, தேங்காய், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குட்டிக் காகிதக் குடை.

7 செப்டம்பர், ஞாயிறு

கீற்று வந்து இறங்கியது. மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஏண்டி ஏஞ்சலு, கீத்துக் கொட்டாய்ல ஒழுகற எடத்துக்கெல்லாம் சட்டி வச்சிக்கினு கெடந்தோம். தளம் போட்டு ஊடு கட்டி ஆறு வருசம் ஆவல. இப்ப தளத்து மேல மறுபடியும் கொட்டாயா?"

"அத்தே, இந்த மாதிரி கொட்டாய்ல ஒக்கார வெள்ளக்காரன் டிக்கெட் எடுத்துக்கினு வரான்."

"அப்ப நம்ம பழைய ஊட்ட அவன்கிட்ட காட்டியிருக்கலாம்" என்றார் என் மாமியார் ஞானம்மா. சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்து முடைந்தார். அவர் முடைந்தது ஸ்கேல் வைத்தது போல் நேர். என்னுடையது கோணல். பின்பக்கம் போட்டுவிட்டோம்.

14 செப்டம்பர், ஞாயிறு

பேட்ச் ஒன்று! பினா கொலாடா. தேங்காய்ப்பால், அன்னாசிச் சாறு, வெள்ளை ரம். ரம் வாங்கித் தந்தது எங்கள் லேபில் வேலை செய்யும் லோகு. "அக்கா, நீ கட வாசல்ல நின்னா ஊரே பாக்கும். நா வாங்கியாறேன்."

அளவுக்குக் கோப்பை எல்லாம் எனக்குச் சரிப்படாது. கிராமில் நிறுத்தேன். எலுமிச்சைச் சாற்றில் காகிதம் முக்கி அமிலம் பார்த்தேன். பேட்ச் கார்டு எழுதினேன். கம்பெனியில் செய்வது போலவே ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பாட்டில் சாம்பிள் எடுத்து, லேபிள் ஒட்டி, ஃப்ரிட்ஜில். லேபிளில் நான்கு வரி: என்ன சரக்கு, செய்தவர், சரிபார்த்தவர், மறுபரிசோதனைத் தேதி. செய்தவரே சரிபார்க்கக் கூடாது, அது சட்டம். ஆகவே இரண்டாவது பெயருக்கும் தேதிக்கும் இடம் காலி.

மாமியாருக்கு ரம் இல்லாமல் கொடுத்தேன். "இன்னாடி இது, பாயாசத்துல ஐஸ் போட்டா மாதிரி கீது" என்று முகம் சுளித்தார். பிறகு, "இன்னும் கொஞ்சம் ஊத்து."

16 செப்டம்பர்

ப்ளூ ஹவாய் காக்டெயிலுக்கு நிறம் பிடித்துவிட்டேன். எங்கள் பெயின்ட் ஷேட் கார்டில் பாத்ரூம் கதவுக்கு விற்கிறோமே, அதே நீலம்!

20 செப்டம்பர், சனி

மை தாய் காக்டெயிலுக்குத் தூள் ஐஸ் வேண்டும். லோகுவிடம் சொன்னேன். அந்த மகராசன் பழவேற்காட்டிலிருந்து வந்த மீன் வண்டியில் கேட்டு ஒரு பாளம் வாங்கி வந்தான். நான் மோந்து பார்க்கவில்லை. எதையும் மோந்து பார்க்காமல் பாஸ் பண்ணாத நான்! நல்ல ரம், ஆரஞ்சு மது, ராத்திரி ஊறவைத்து அரைத்த பாதாம் சிரப், எல்லாம் போச்சு.

பேட்ச் ஒன்பது. ரிஜெக்ட். காரணம்: நெத்திலி.

27 செப்டம்பர்

இதுவரை கலக்கிய காக்டெயில்கள் பற்றி என் தீர்ப்பு. பெயின்கில்லர்: மேலே ஜாதிக்காய் துருவ வேண்டும், லோகு முகர்ந்துவிட்டு "பிரியாணி எங்க அக்கா?" என்றான். ஜங்கிள் பேர்ட்: கசப்பு, ஆனால் இரண்டாவது மடக்கில் மனசு மாறும். எனக்கு இதுதான் உயிர். மை தாய் இன்னும் வசப்படவில்லை. ஜோஷ்வா வந்து செய்யட்டும், அவன் கை படட்டும்.

1 அக்டோபர்

நாளை காந்தி ஜெயந்தி, மதுக்கடை கிடையாது! சாயங்காலம் லோகு சொன்ன பிறகுதான் உறைத்தது. ஓடினான், பாவம். ரம் கிடைத்தது.

3 அக்டோபர், வெள்ளி

வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். கண்ணைப் பொத்தி மாடிக்குக் கூட்டிப்போனேன். கையை எடுத்ததும் கீற்றுக் கூரையை அண்ணாந்து பார்த்தான். நான் குதித்துக்கொண்டிருந்தேன்.

நேராகக் கவுண்டருக்குப் பின்னால் போனான். கை கழுவினான். துண்டைத் தோளில் போட்டான். "குட் ஈவினிங் மேடம். வாட் கேன் ஐ கெட் யூ?" என்று சிரித்தான்.

யூனிஃபார்ம் போட்டோவில் இருக்குமே, அந்தச் சிரிப்பு. அது என் புருஷன் சிரிப்பு இல்லை.

மை தாய் கேட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்படி ஒரு ருசி! ஆனால் அவன் குடிக்கவில்லை. உட்காரவில்லை. கவுண்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அப்போதுதான் கவனித்தேன். ஸ்டூல் ஒன்றுதான் இருக்கிறது. என் பக்கம். அவனுக்கு நிற்கத்தான் இடம் செய்திருக்கிறேன்.

4 அக்டோபர், சனி

இன்னா வேல செஞ்சி வச்சிக்கிறேன் நான்? லீவுக்கு வந்த மனுசனுக்கு டியூட்டி போட்டுக்கிறேன்! ஒன்பது மாசம் நின்ன காலு. அறிவு இருக்குதா எனக்கு?

காலையில் கேட்டேன். "கப்பல்ல நீ இன்னா குடிப்ப?"

"தண்ணி. டியூட்டில தொடக்கூடாது. டியூட்டி முடிஞ்சா தூங்கணும்."

"யாருமே உனக்கு ஒண்ணு போட்டுக் குடுத்ததில்லயா?"

"எனக்கு யாரு போடுவா ஏஞ்சலு?" என்று நிஜமாகவே யோசித்தான். நான் அடுக்களைக்குப் போய் அழுதேன். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு மீதி பேலட்டைத் தேடினேன்.

5 அக்டோபர், ஞாயிறு

சர்ச், பிரியாணி, மாடி. இரண்டு ஸ்டூல்!

"நீ இன்னிக்கி கஸ்டமர்" என்று உட்கார வைத்தேன். மூன்று தடவை எழுந்தான். மூன்றாவது தடவை அத்தை "ஒக்கார்றா" என்று தோளை அழுத்தினார். நான் தராசை எடுத்து வைத்தேன். எலுமிச்சையில் காகிதத்தை முக்கினேன். அவ்வளவுதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கோணல் பல் தெரிகிற சிரிப்பு. இதுதான், இதுதான்!

பேட்ச் பதினான்கு, மை தாய். என் வேகத்துக்கு ஏழு நிமிஷம். குடை சாய்ந்தது. இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான். கண் கலங்கியதை எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பது போல் மறைத்தான்.

"எலுமிச்ச ஜாஸ்தி."

"கஸ்டமர் கம்ப்ளெயின்ட்டா?"

"ஆமா. இன்னொண்ணு போடு."

எனக்கு விசில் அடிக்கத் தெரியாதது பெரிய குறை.

9 அக்டோபர்

கான்ட்ராக்ட் பற்றி அவன் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பெட்டி கட்டிலுக்கடியில், பாதி திறந்தபடி. பதில் சொல்ல இன்னும் ஆறு நாள் இருக்கிறது. பயமாக இருக்கிறது.

15 அக்டோபர், புதன்

ஷிப்ட் முடிந்து வந்தேன். பெட்டி கட்டிலுக்கடியில் இல்லை. பீரோ மேலேயும் இல்லை. தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.

பதினான்காம் பேட்ச் சாம்பிள் பாட்டில் முன்னால் நின்றது. காலியாக விட்டிருந்த இடத்தில் அவன் கையெழுத்து. சரிபார்த்தவர்: ஜோஷ்வா. மறுபரிசோதனை: 5 அக்டோபர் 2026. அதன் கீழே, இடம் போதாமல் நெருக்கி: நானே இருந்து பார்ப்பேன், கீழே கொட்டாதே.

மாடிக்கு ஓடினேன். பெட்டி கவுண்டருக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது, மேலே வரிசையாகக் கண்ணாடி டம்ளர். "காலேஜுக்கு சரின்னு சொல்லிட்டேன். கப்பலுக்கு வரலன்னு மெயில் போட்டாச்சு" என்றான்.

"எலுமிச்சச் சாறு ஒரு வருசம் தாங்காதுடா மடையா" என்றேன். 

அத்தை தனக்கும் ஒரு ஸ்டூல் வேண்டும் என்கிறார். நாளை மறுபடியும் கேட் பாஸ் எழுத வேண்டும். கோழி முட்டை போட ஆரம்பித்துவிட்டதா என்று ஸ்டோர்ஸில் கட்டாயம் கேட்பார்கள்.