கடைசிக் காட்சியில் அப்பா சொன்னது

மே 28, 1968 – செவ்வாய்

வேலைக்கு உத்தரவு வந்து ஒரு வாரமாகப் போகிறது. பெங்களூரில் மோட்டார் செய்யும் தொழிற்சாலை, கணக்குப் பிரிவு. ஜூன் பதினேழு சேர வேண்டும். கன்னியர் நடத்தும் விடுதியில் இடமும் இருக்கிறதாம். அம்மா, "அப்பா சொல்லட்டும்" என்கிறாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பி.ஏ. படித்தவள், பெற்ற தகப்பனிடம் ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லை. இதற்குத்தான் திருச்சி வரை அனுப்பிப் படிக்க வைத்தார்களா?

இன்று பஸ் ஓட்டிவிட்டு வந்ததும் அப்பா சொன்னது இதுதான்: "ஓசூர்லேர்ந்து பெங்களூர் வரைக்கும் அந்தக் கனவுப் படத்துப் பேச்சுதான் கண்ணு. முடிவு என்னான்னு அடிச்சுக்கறானுங்கோ. கண்டக்டர் கூப்புட்டாக்கூட எவனும் திரும்பல. ஞாயித்துக்கெழம போலாமா?"

ஜூன் 2 – ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து, பெங்களூர் போய் மேட்னி பார்த்தோம். அம்மா வரவில்லை. "எனக்கு வர்ற கனவே போதும்" என்றாள்.

கன்னடப் படம். சாமல்பட்டியில் வளர்ந்து திருச்சியில் படித்த எனக்குக் கன்னடம் தெரியாது. அப்பா என் காதோரம் குனிந்து வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். முன்வரிசைக்காரர் திரும்பித் திரும்பி முறைத்தார். எனக்கு வெட்கம். ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது.

ஒருத்தி தூங்குகிறாள். கனவில் அவளுக்கு வேறு ஊர், வேறு பெயர். அந்தக் கனவுக்காரியும் தூங்குகிறாள். அவள் கனவில் இவள். யார் யாரைக் காண்கிறார்கள்? கடைசியில் அவள் ரயில் பெட்டியின் படியில் நிற்கிறாள். ஆள் தெரியாமல், அவள் அப்பாவின் குரல் மட்டும் கேட்கிறது. சட்டென்று, அவள் படுத்திருக்கிறாள். மூடிய கண்கள். இமை அசைகிறது. அவ்வளவுதான், விளக்கு போட்டுவிட்டார்கள்.

"'எழுந்திரும்மா, விடிஞ்சிருச்சு'ங்கறாரு," என்றார் அப்பா. "எல்லாம் கனவு. பொண்ணு வீட்டுலதான் கீது."

திரும்பும் பஸ்ஸில், அவள் செத்துவிட்டாள் என்று ஒருவர், பைத்தியம் என்று இன்னொருவர். எல்லாப் பேச்சிலும் கலந்துகொள்கிற அப்பா வாயே திறக்கவில்லை.

ஜூன் 5 – புதன்

துணிக்கடை லால் பாஷாவின் மகள் ஃபரீதா வந்திருந்தாள். ஓசூரில் எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி. பெங்களூரில் சித்தி வீட்டில் வளர்ந்தவள். கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. படம் பற்றிச் சொன்னேன்.

"அய்யே! 'விடிஞ்சிருச்சு'ன்னு யாரு சொன்னா? 'எறங்காதே மகளே, வண்டி பொறப்படப் போவுது'ன்னு இல்ல அந்தக் குரல் சொல்லுது! நான் ரெண்டு வாட்டி பாத்தேன் ராணி. உங்கப்பா தூங்கிட்டாரா?"

சிரித்துச் சமாளித்தேன். அப்பா தூங்கவில்லை. அவர் மூச்சு கடைசி வரை என் காதில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது.

ஜூன் 6 – வியாழன்

அப்பாவுக்குக் கன்னடம் தமிழைவிட வேகமாக வரும்.

ஜூன் 8 – சனி

கேட்டுவிட்டேன்.

அப்பா கண்ணாடி முன் முகமெல்லாம் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்க முடியாது. முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

"யாரு சொன்னா?"

"ஃபரீதா."

"அது அறுந்த வாலு." கொஞ்ச நேரம் கத்தி ஓடவில்லை. "அவ இன்னும் கண்ணத் தொறக்கல இல்ல? அப்ப அந்தக் கொரலும் கனவுதான். நெசத்துல எந்த அப்பன் அப்பிடிச் சொல்லுவான்? நெசத்துல என்னா சொல்லுவானோ, அத்த நான் சொன்னேன்."

கோபமா? இல்லை. ஆனாலும் விடவில்லை. "படுத்திருந்தவ கால்ல செருப்பு இருந்துச்சுப்பா. வீட்டுல தூங்கறவ செருப்போட படுப்பாளா? அவ ஏறிட்டாப்பா. ரயில்ல தூங்கறா."

"செருப்பா? நான் பாக்கலியே."

"நீங்க என் காதுல சொல்லிட்டிருந்தீங்க."

கண்ணாடியில் அப்பாவின் கண் என்னைப் பார்த்தது. எங்கிருந்து வந்ததோ, "நான் போகணும்பா" என்றேன். என் குரல் மாதிரியே இல்லை.

அவர் ஏற்கெனவே மழித்த கன்னத்தையே மறுபடி மழித்தார். பிறகு, "துண்டு குடு" என்றார்.

ஜூன் 11 – செவ்வாய்

அப்பா இன்று பெங்களூரில் இரண்டு டிரிப்புக்கு நடுவே, காக்கிச் சட்டையோடு விடுதிக்கே போயிருக்கிறார். போனது மட்டுமில்லை – மதர் சுப்பீரியரிடம் கேட்டு உட்கார்ந்து சாப்பிட்டும் வந்திருக்கிறார்!

"சோறு கொழையுது. சாம்பார் பரவால்ல," என்றார் என்னைப் பார்க்காமல்.

"கன்னியாஸ்திரீங்க வீட்டுல போயி சோறு கேட்டீங்களா? மானம் போச்சு," என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

ஜூன் 17 – திங்கள்

சேர்ந்துவிட்டேன். எல்லாரும் கன்னடம். பயம்.

ஆகஸ்ட் 18 – ஞாயிறு

அப்பா வந்திருந்தார். நான் படியிறங்கி வரும்போது வாசலில் காவல்காரர் கங்கப்பாவோடு கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்றது தெரியாது. தெரிந்தாலும் அவர் குரலைக் குறைத்திருக்க மாட்டார்.

"மொதல்லேர்ந்து நான்தான் 'போ, போ'ன்னேன். பொண்ணு கூச்சக்காரி, தயங்கினா. அவங்கம்மா ஒரே அழுகை. நான் விடலியே!"

கங்கப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். "நீங்க பெரிய மனசுக்காரர்," என்றார்.

அப்பா என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறி, "எளைச்சிட்டியே கண்ணு" என்றார். ஊறுகாய் ஜாடியை வாங்கிக்கொண்டேன். எனக்குக் கன்னடம் இந்த அளவுக்கு வந்துவிட்டது என்று அவரிடம் சொல்லவில்லை.