பதினோரு மூளிக் குழாய்

6 மே, திங்கள்

கத்திரி மூணாம் நாள். எட்டு மணிக்கே சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. தண்ணி பீய்ச்சிக் கழுவுற என் மிஷினை மீன்பாடி வண்டியில ஏத்தி, ஆவடியிலேர்ந்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்து சேர எட்டே முக்கால்.

வேலை: மூடிக் கிடக்கிற முலாம் கம்பெனி. ரெண்டு ஷெட், முன் வாசல், கழிப்பறை வரிசை. எல்லாம் பிரஷர் போட்டுக் கழுவித் தரணும். அடுத்த திங்கள் கார்மெண்ட்ஸ்காரங்க வாடகைக்கு இடம் பார்க்க வராங்க. மேனேஜர் போன வாரமே சொன்னது: "தண்ணிக்குக் கவலையே இல்ல முருகேசன். போர் இருக்கு. டேங்கை ரொப்பி வெச்சிருக்கேன். ஹோஸை மட்டும் கொண்டாங்க."

ஹோஸைக் கொண்டுபோனேன். மாட்டத்தான் குழாய் இல்ல.

இல்லாம இல்ல. பதினொண்ணு இருக்கு. சுத்தி வந்து எண்ணினேன்.

கழிப்பறை 4 – கைப்பிடி இல்ல. தண்டை சுத்தியால அடிச்சு வளைச்சிருக்கு.
முன் ஷெட் 3 – வாயில மரக்கட்டை அடிச்சு மேல கம்பி.
பின் ஷெட் 2 – குழாயே கிடையாது. பைப்பு முனையை மூடித் திருகியிருக்கு.
தோட்டம் 1 – வாய்க்குள்ள சிமெண்ட்.
வாட்ச்மேன் ரூம் 1 – மரையை அரம் போட்டு ராவி மொழுமொழுன்னு.

தானா துருப்பிடிச்சது வேற, ஒருத்தன் உக்காந்து செஞ்சது வேற. பதினாறு வருஷம் ஸ்டோர் கீப்பரா இருந்தவனுக்கு இது தெரியாதா.

தேவராஜ் கள்ளிக்குப்பத்துலேர்ந்து சைக்கிள்ல நேரா வந்துட்டான். எனக்கு இருக்கிற ஒரே ஆள். பார்த்ததும், "இன்னா சார் இது, ஒண்ணு பாக்கியில்லாம மூளியா கீது. யாரோ வேணும்னே பண்ணிகீறாங்க."

வாட்ச்மேன் பேர் ஏழுமலை. ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும். "இங்க தண்ணி வராது சார். டேங்க் காலி." நான் ஒண்ணும் கேக்கல. அவனா மறுபடி, "காலி சார்."

தேவராஜ் ஏணியில ஏறிப் பார்த்தான். டேங்க் தளும்பி நிக்குதாம்.

வாங்க: சணல், பெரிய பைப் ரெஞ்ச், ஹோஸ் கிளிப் 4, துவரம்பருப்பு.

தண்ணி இல்லாம மிஷினை ஓட்டினா சீல் கருகிடும். சாயங்காலம் வரைக்கும் பெருக்கினதுதான் மிச்சம்.

7 மே, செவ்வாய்

காலையில சீக்கிரமே போய் எதிர் டீக்கடையில உக்காந்து கேட்டைப் பார்த்துக்கிட்டிருந்தேன். ஏழுமலை சைக்கிள்ல வந்தான். பின்னாடி ரெண்டு கேன். தண்ணி. அவன் வீடு குத்தம்பாக்கமாம். அங்கேர்ந்து அவ்வளவு தூரம் மிதிச்சு தண்ணி கொண்டு வரான். தலைக்கு மேல டேங்க் நிறையத் தண்ணி இருக்கு.

ஏன்?

டீக்கடையில ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட: "அந்தாளு ஒருத்தரையும் உள்ள வுட மாட்டான். கொடத்தோட போனா கல்லைத் தூக்கினு வரான்." தண்ணியை யாருக்கோ விக்கிறான்னு தோணிச்சு. இந்த ஊர்ல இப்ப தங்கமும் தண்ணியும் ஒண்ணு.

பின் ஷெட்ல பைப்பு மூடியை ரெஞ்ச் போட்டுத் திருகினேன். ஏழுமலை தூண் ஓரமா வந்து நின்னான்.

"வேணாம் சார்."

"ஏன்?"

என் கையில இருந்த ரெஞ்சைப் பார்த்தான். அப்புறம், "லாரித் தண்ணி வாங்கிக்குங்க சார். கழுவுறதுக்குத்தானே."

"டேங்க் காலின்னு சொன்னியே?"

நகர்ந்து போயிட்டான்.

சணல் சுத்தி என் கையில இருந்த புதுக் குழாயை மாட்டினேன். முதல்ல துரு, அப்புறம் சரியா வந்துச்சு. நல்ல வேகம். நாலு மணிக்குள்ள ஒரு சுவர் முழுக்க வெளுத்தாச்சு. தேவராஜ் தலையில துண்டைக் கட்டிக்கிட்டு ஆனந்தமா அடிச்சான். எனக்கும் பார்க்க நல்லா இருந்துச்சு.

என் சம்சாரம் வசந்தாவுக்குத் தையல் கம்பெனியில இன்னிக்கும் ஓவர்டைம். யூனிபார்ம் ஆர்டர் அவசரமாம். ரசம் நான்தான் வெச்சேன். உப்பு ஜாஸ்தி.

8 மே, புதன்

குழாயைக் காணோம். பைப்பு முனையை அடிச்சு நசுக்கி, வாயே மூடிக் கிடக்கு.

கேட் பூட்டு அப்படியே. மதில் மேல கண்ணாடித் துண்டு. வெளியாள் வர வழியில்ல.

"நீதானே?"

"எனக்குத் தெரியாது சார்." தரையைப் பார்த்துச் சொன்னான். பெருவிரல் நகத்துக்கடியில புதுசா ரத்தம் கட்டியிருக்கு. சுத்தியடி.

பி.சி.ஓ.வுக்குப் போய் மேனேஜருக்குப் போன் போட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். குழாய், விரல், தண்ணி விக்கிறான்னு நான் நினைக்கிறது. அதையும் சொன்னேன். மேனேஜர், "நீங்க உங்க வேலையைப் பாருங்க. அவனை நான் பார்த்துக்கறேன்"னார். குரல்ல ஆச்சரியமே இல்ல. அதுவும் எனக்கு உறுத்துச்சு.

திரும்பி வந்தா, தேவராஜும் ஏழுமலையும் வேப்ப மரத்தடியில ஒரே நெருப்புல பீடி பத்த வெச்சிக்கிட்டிருக்காங்க. இவனும் கூட்டா? என்ன பேசினீங்கன்னு கேட்டேன். "ஒண்ணும் இல்ல சார். எத்தினி புள்ளைங்கன்னு கேட்டாரு." நம்பினேனா, தெரியல.

வசந்தாகிட்ட சொன்னப்ப அவ தட்டைக் கழுவிக்கிட்டே, "வேணாம்னு சொன்ன ஆளை, ஏன் வேணாம்னு இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்ல"ன்னா. உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னேன்.

9 மே, வியாழன்

ஏழுமலை இல்ல. சாவியை மேனேஜரோட டிரைவர் என் கையில குடுத்தார். "அவரை நேத்தே அனுப்பிட்டாங்க."

பத்து நிமிஷம் ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு.

நசுங்கினதை அறுத்துட்டு வேற குழாய் போட்டேன். நாள் முழுக்க மிஷின் ஓடிச்சு. பின் ஷெட் முடிஞ்சது, கழிப்பறை பாதி.

தேவராஜ் நாலு தடவை நிறுத்தினான். கை அரிக்குதாம், கால் அரிக்குதாம். சாயங்காலம் பக்கத்துத் தெருவுல கல்யாண வரவேற்பு, சீக்கிரம் போக வழி பார்க்கிறான்னு நினைச்சேன். சொல்லவும் சொன்னேன். அவன் கையை நீட்டினான். விரல் சந்துல எல்லாம் சிவந்து, ரெண்டு எடத்துல தோல் பிஞ்சிருக்கு.

சோப்புத் தூளா இருக்கும்னேன்.

கிளம்பறப்ப வெள்ளை பக்கெட்டுல மீதித் தண்ணி. மஞ்சளா இருந்துச்சு. துரு நிறம் இல்ல. துரு அடியில தங்கும். இது தங்கல.

10 மே, வெள்ளி

பதினோரு மணி. கேட்டை யாரோ தட்டினாங்க. ஒரு அம்மா. ஏழுமலையோட சம்சாரமாம். கட்டிலும் ஸ்டவ்வும் எடுத்துப் போக வந்திருக்கு. திட்டப் போகுதுன்னு தயாரா நின்னேன். அது என்னைப் பார்க்கவே இல்ல. தேவராஜ் கையில சுத்தியிருந்த துணியைத்தான் பார்த்துச்சு.

"தண்ணியத் தொட்டீங்களா?"

அப்புறம் தன் கையைத் திருப்பிக் காட்டுச்சு. உள்ளங்கையில அஞ்சாறு குழி. ஆறிப்போன பழைய புண்ணு, நடுவுல பள்ளம்.

அது சொன்னது, ஞாபகம் இருக்கிற வரைக்கும்:

"கம்பெனி ஓடறப்ப பின்னால தொட்டி வெடிச்சுப் போச்சு. முலாம் போடற மருந்து ஒரு வருசம் சும்மா பூமியில எறங்கிச்சு. போர்ல மஞ்சத் தண்ணி. சந்துல ரெண்டு ஆடு குடிச்சிட்டு செத்துச்சு. அப்பக்கூட பொம்பளைங்க கொடத்தோட வருவாங்க, வேற எங்க போவாங்க? எங்க வூட்டுக்காரரு தண்ணியத் தொடாதீங்கன்னு போர்டு எழுதி வெக்கிறேன்னாரு. எழுதினா எங்க பையன் வேல போயிடும்னு கம்பெனியில சொன்னாங்க. பையன் அவுங்களோட இன்னொரு யூனிட்ல கீறான். அதான் ஒண்ணொண்ணா ஒடைச்சாரு. ஒடைஞ்ச கொழாயாண்ட எவ வந்து நிப்பா?"

கட்டிலை மீன்பாடியில ஏத்தறப்பவும் எனக்கு முழுசா நம்பிக்கை வரல. புருஷன் வேலைக்காகக் கதை கட்டுதோன்னு ஒரு நினைப்பு. என் புத்தி அப்படி. அது போனப்புறம் வாட்ச்மேன் ரூமுக்குள்ள போய்ப் பார்த்தேன். பரண் மேல ஒரு கோணி. அதுக்குள்ள குழாய்க் கைப்பிடி, வாஷர், தண்டு. எல்லாம் எண்ணெய் தடவி, துணியில சுத்தி. பழைய இரும்புக்காரன்கிட்ட ஒண்ணுகூடப் போகல.

மிஷினை நிறுத்திட்டேன்.

11 மே, சனி

தேவராஜ் வரல. கைக்குக் கட்டுப் போட டாக்டர்கிட்ட.

மேனேஜர் கார்ல வந்தார், கூட ஒரு பிளம்பர். தண்ணியைப் பத்திக் கேட்டேன். பக்கெட்டைக் காட்டினேன்.

"போர் தண்ணின்னா ஒரு நிறம் இருக்கத்தான் செய்யும் முருகேசன்."

"கையெல்லாம் புண்ணாவுது சார்."

"கிளவுஸ் போடச் சொல்லுங்க." அப்புறம் என் தோள்ல கை வெச்சார். "கழுவுறது உங்க வேலை. நம்ம மூணு யூனிட்டும் இனிமே வருஷா வருஷம் நீங்கதான். திங்கள்கிழமை நல்லபடியா முடியட்டும்."

தலையை ஆட்டினேன். வேணாம்னு சொல்லல. மோட்டார் சூடாகுதுன்னு பொய் சொல்லி மிஷினை மட்டும் போடாம இருந்தேன். பிளம்பர் நாள் பூரா புதுக் குழாயா மாட்டிக்கிட்டே போனான். பளபளன்னு.

12 மே, ஞாயிறு

கள்ளிக்குப்பம் போய் தேவராஜைப் பார்த்தேன். சோறு அவன் சம்சாரம் ஊட்டி விடுது. "திங்கக்கெளம வந்துடறேன் சார்"ங்கறான். வியாழக்கிழமை சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்க நினைச்சேன். வாய் வரல. ஆரஞ்சு வாங்கிக் குடுத்தேன்.

வசந்தாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். காயப் போட்ட துணியை மடிச்சு வெச்சா. அப்புறம்: "எத்தனை பேர் அங்க தைக்க வருவாங்க?"

"நூத்தம்பது பொண்ணுங்கன்னாங்க."

"பத்து மணி பெல் அடிச்சா நாங்க முதல்ல ஓடறது குழாய்கிட்டதான்."



13 மே, திங்கள்

நல்ல வெயில். நடந்ததை நடந்த வரிசையில எழுதிடறேன்.

கார்மெண்ட்ஸ் கம்பெனியிலேர்ந்து வந்தது ஒரு அம்மா. கண்ணாடி, கையில நோட்டு. எல்லாத்தையும் எண்ணுச்சு. ஜன்னல், பிளக் பாயிண்ட், கழிப்பறை. "குழாய் எத்தனை?" மேனேஜர், "பதினொண்ணு மேடம், எல்லாம் புதுசு"ன்னார். என்னைப் பார்த்து, "திறந்து காட்டுங்க."

திறந்தேன். அந்தம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு, முகம் கழுவ ரெண்டு கையையும் சேர்த்து நீட்டுச்சு.

மூடிட்டேன்.

"வேணாம்மா. இந்தத் தண்ணி வேணாம்."

"ஏன்?"

ஏழுமலைகிட்ட நான் கேட்ட அதே கேள்வி. சொன்னேன். தொட்டி, ஆடு, ஏழுமலை சம்சாரத்தோட உள்ளங்கை. மேனேஜர் சிரிச்சார். "வேலையை முடிக்கல மேடம். அதுக்கு ஒரு சாக்கு."

அந்தம்மா என்னைத்தான் சந்தேகமாப் பார்த்துச்சு. "இதைச் சொல்றதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"ஒண்ணும் இல்லம்மா. இனிமே இங்க எனக்கு வேலையே இருக்காது."

தேவராஜ் முன்னாடி வந்து கட்டை அவிழ்த்துக் கையைக் காட்டினான். அதுக்கப்புறம் மேனேஜர் சிரிக்கல. அந்தம்மா டிரைவரைக் கூப்பிட்டு கார்லேர்ந்து காலி பாட்டில் எடுத்துவரச் சொல்லி, தானே குழாயைத் திறந்து பிடிச்சு, மூடி, துணியில துடைச்சு வெச்சுக்கிச்சு. "ரிப்போர்ட் வரட்டும். அதுவரைக்கும் கையெழுத்து இல்ல." கார் போயிடுச்சு.

மேனேஜர் என்கிட்ட சொன்னது ஒரே வரி: "மிஷினை எடுத்துக்கிட்டுப் போ." முதல் தடவையா 'நீங்க' இல்ல.

14 மே, செவ்வாய்

ஸ்கூட்டர்ல குத்தம்பாக்கம். ரெண்டு பேர்கிட்ட வழி கேட்டு வீட்டைக் கண்டுபிடிச்சேன். ஏழுமலை வாசல்ல சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கிட்டிருந்தார். எழுந்திரிக்கல.

"யார் அனுப்பினாங்க?"

"யாரும் இல்ல. நானாத்தான் வந்தேன்." மன்னிச்சுக்கோங்கன்னேன். நேத்து நடந்ததைச் சொன்னேன். நம்பினாரா தெரியல. டியூபை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருந்தார்.

"பையனை நேத்து சாயங்காலமே வர வேணாம்னுட்டாங்க சார்." அவ்வளவுதான். என்னைக் குத்தம் சொல்லல. சொல்லியிருந்தா தேவலாம்.

அப்புறம் திடீர்னு, "புதுக் கொழாய் எல்லாம் போட்டாங்கன்னீங்களே. வெளிய சந்துப் பக்கம் போட்டாங்களா?"

"சந்துலயா?"

"மதிலுக்கு வெளிய ஒண்ணு கீது சார். அந்தக் காலத்துல ஜனங்களுக்குன்னு வுட்டது. நான் மண்ணைப் போட்டு மூடி மேல கல்லு வெச்சிருந்தேன்."

நான் உள்ளே மட்டும்தான் எண்ணியிருந்தேன்.

சைக்கிளை அப்படியே போட்டுட்டு ஸ்கூட்டர் பின்னாடி ஏறினார். சந்துக்குள்ள திரும்பினப்பவே வரிசை தெரிஞ்சது. கல்லை நகர்த்தி, மண்ணைத் தோண்டி, பளபளன்னு பிளம்பர் மாட்டின குழாய். நாலு பொம்பளைங்க. நாலு குடமும் ரொம்பியாச்சு. எத்தனை நாளா பிடிக்கறீங்கன்னு கேட்டேன். சனிக்கிழமையிலேர்ந்தாம்.

ரெஞ்சை எடுத்தேன். ஒருத்தி கையைப் பிடிச்சா. "யார்யா நீ? வந்த தண்ணிய ஏன் நிறுத்தற?"

சொன்னேன். மருந்து கலந்த தண்ணி, குடிக்காதீங்கன்னேன். "கவர்மெண்டு ஆளா நீ? சீட்டு இருக்கா?" இல்ல. என்கிட்ட ஒரு சீட்டும் இல்ல.

ஏழுமலை அவ காதுல, இந்தச் சந்துல செத்த ரெண்டு ஆட்டைப் பத்திச் சொன்னார். அவ என்னை ஒரு தடவை பார்த்துட்டுக் குடத்தைக் கவிழ்த்தா. தண்ணி சாக்கடை வரைக்கும் ஓடிச்சு. மத்த மூணு பேரும் இடுப்புல குடத்தோட நடக்க ஆரம்பிச்சுட்டாங்க.

நான் குழாயைத் திருகிக் கழட்டி, பைப்பு வாயில மரக்கட்டை அடிச்சுக்கிட்டிருந்தேன். ஏழுமலை அந்த மூணு குடத்துக்குப் பின்னாடி போனார். முதல் வீட்டுக் கதவைத் தட்டற சத்தம் கேட்டுச்சு.